தோற்ற அணிக்கும் சாம்பியன் டி-ஷர்ட் ரெடி... தெரியுமா?

அமெரிக்கக் கால்பந்தின் உச்சகட்ட ஆட்டமான ‘சூப்பர் பவுல்’ தொடங்கும் முன்பே, மோதப்போகிற இரண்டு அணிகளின் பெயரிலும் ‘சாம்பியன்’ என்று அச்சடித்த டி-ஷர்ட்டும் தொப்பியும் பெட்டி பெட்டியாகத் தயாராகிவிடும். தெரியுமா? ஜெயிக்கிற அணிக்கு மட்டுமில்லைங்க, தோற்கிற அணிக்கும்தான்! ஆட்டம் முடிந்த சில நிமிஷத்தில் வீரர்கள் அதை மாட்டிக்கொண்டு டி.வி. கேமரா முன்னால் குதிக்க வேண்டும். ஜெயித்தது யார் என்று தெரிந்த பிறகு ஸ்கிரீன் எடுத்து, கலர் கலக்கி, பிரிண்ட் போட்டு, காயவைத்து, மடித்து அனுப்பினால் பொழுது விடிந்துவிடும்; கூட்டமும் வீட்டுக்குப் போயிருக்கும்.

பனியன் கம்பெனிகள் சூழ்ந்த நம்ம திருமுருகன்பூண்டியில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட் எப்படி ஓடும், பையர் கடைசி நேரத்தில் ஆர்டரைக் கேன்சல் செய்தால் சரக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே அத்துப்படி. கேன்சல் ஆன சரக்கு திருப்பூர் காதர்பேட்டைச் சந்தைக்குப் போய்ச் சேரும். அப்படியானால் சூப்பர் பவுலில் தோற்ற அணியின் ‘சாம்பியன்’ சரக்கு எங்கே போகும்?

கடல் தாண்டிப் போகும்! அமெரிக்காவுக்குள் அது ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்பது லீக்கின் கறார் உத்தரவு. பல வருஷம் ‘வேர்ல்ட் விஷன்’ என்ற தொண்டு நிறுவனம் அந்த மூட்டைகளை வாங்கி ஏழை நாடுகளுக்கு அனுப்பியது. 2015 முதல் ‘குட்360’ என்ற அமைப்பு அந்த வேலையைப் பார்க்கிறது. 2008 பிப்ரவரியில் நடந்த கூத்தைக் கேளுங்கள். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அந்த சீசனில் ஆடிய 18 ஆட்டத்திலும் ஜெயித்துவிட்டு இறுதி ஆட்டத்துக்கு வந்தது. 19-க்கு 19 என்று டி-ஷர்ட் தயார். ஆனால் நியூயார்க் ஜயன்ட்ஸ் 17-14 என்று கவிழ்த்துவிட்டது! அந்த டி-ஷர்ட்கள் நிகரகுவா நாட்டுச் சிறுவர்களின் உடம்பில் ஏறின. நடக்காத ஒரு சரித்திரத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளைகள் வேறு ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வகைத் தோல்வியில் உலகப் புகழ் பெற்ற ஊர் ஒன்று இருக்கிறது. பஃபலோ! ஈரி ஏரிக்கரையில், பனி கொட்டுகிற, இரும்பு ஆலைகள் மூடிப்போன நகரம். அதன் அணி பஃபலோ பில்ஸ் அடுத்தடுத்து நான்கு வருஷம் சூப்பர் பவுலுக்குப் போனது. வேறு எந்த அணியும் இன்றுவரை செய்யாத சாதனை. நான்கிலும் தோற்றது. அதுவும் வேறு எந்த அணியும் செய்யாததுதான்!

முதல் தோல்வி 1991 ஜனவரி 27-ஆம் தேதி, டாம்பா நகரில். வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்த நாட்கள். பில்ஸ் ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறது, 20-19. ஆட்டம் முடிய 8 விநாடி பாக்கி. 47 கெஜ தூரத்திலிருந்து பந்தை உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் 3 புள்ளி, கோப்பை. ஸ்காட் நார்வுட் உதைக்கிறார். பந்துக்கு உயரம் இருந்தது, தூரமும் இருந்தது. ஆனால் வலது கம்பத்துக்கு வெளியே போய்விட்டது!

மறுநாள் அந்த ஊர் மக்கள் என்ன செய்தார்கள், தெரியுமா? பல்லாயிரம் பேர் பஃபலோ நகரச் சதுக்கத்தில் கூடி, ‘ஸ்காட் வேண்டும், ஸ்காட் வேண்டும்’ என்று முழங்கினார்கள். அடிக்கவா? கைதட்ட! நார்வுட் மேடைக்கு வந்து கண் கலங்கிப் பேசினார். தோற்ற அணிக்கு இப்படி ஒரு வரவேற்பை நான் வேறு எங்கும் படித்ததில்லை. (நம் ஊரில் 2007 உலகக் கோப்பையில் இந்தியா வங்கதேசத்திடம் தோற்றபோது தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டுச் சுவரை உடைத்தோம். அது வேறு கதை.)

1992-இல் இரண்டாவது முயற்சி. ஆட்டம் தொடங்கிவிட்டது, பில்ஸின் நட்சத்திரம் தர்மன் தாமஸின் ஹெல்மெட்டைக் காணோம்! அவர் தேடிக் கண்டுபிடித்து உள்ளே போவதற்குள் முதல் இரண்டு ஆட்ட முயற்சிகள் அவர் இல்லாமலே முடிந்துவிட்டன. வாஷிங்டன் 37, பஃபலோ 24. மூன்றாவதில், 1993-இல், டாலஸ் கௌபாய்ஸிடம் 52-17. அந்த ஒரே ஆட்டத்தில் பில்ஸ் பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தது ஒன்பது தடவை. நான்காவதில் இடைவேளையின்போது 13-6 என்று முன்னிலை! பஃபலோ முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டாம் பாதியில் ஒரு புள்ளிகூட வரவில்லை. 30-13.

ஆனால் மூன்றாவது தோல்வியில் ஒரு காட்சி உண்டு. ஆட்டம் கைவிட்டுப் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. டாலஸின் லியான் லெட் பந்தைப் பொறுக்கிக்கொண்டு எல்லைக் கோட்டை நோக்கி ஓடுகிறார். மறிக்க ஆளே இல்லை. கோட்டுக்கு முன்னால் கொஞ்சம் மெதுவாகி, கையை நீட்டிக் கொண்டாடத் தொடங்குகிறார். பின்னாலிருந்து பில்ஸின் டான் பீபி துரத்திவந்து பந்தைத் தட்டிவிட்டார்! அந்தப் புள்ளி போனதால் ஆட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அன்றைய ஆட்டத்தில் எதை மறந்தாலும் அந்த ஓட்டத்தை யாரும் மறக்கவில்லை. அதே சீசனில், இதற்கு நான்கு வாரம் முன்னால், ஹூஸ்டன் ஆய்லர்ஸுக்கு எதிராக 35-3 என்று பின்தங்கிக் கிடந்து, மாற்று ஆட்டக்காரர் ஃபிராங்க் ரைக்கை வைத்துக்கொண்டு 41-38 என்று ஜெயித்ததும் இதே பில்ஸ்தான். இந்த அணியை நடத்திய கோச் மார்வ் லெவி, ஹார்வர்டில் ஆங்கில வரலாறு படித்து முதுகலைப் பட்டம் வாங்கியவர். 2025 ஆகஸ்டில் அவருக்கு நூறு வயது நிறைந்தது!

நார்வுட்டின் அந்த ஒரு உதையைச் சுற்றி 1998-இல் ‘பஃபலோ ’66’ என்று ஒரு சினிமா வந்தது. 2015-இல் நான்கு தோல்வியையும் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம். புத்தகங்களுக்குக் கணக்கில்லை. நாலே நாலு தோல்விக்கு!

இப்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். நம்ம தமிழ்நாடு ரஞ்சி கிரிக்கெட் அணி இறுதி ஆட்டத்தில் எத்தனை தடவை தோற்றிருக்கிறது, தெரியுமா?

பத்து!

பன்னிரண்டு இறுதி ஆட்டம், கையில் வந்த கோப்பை இரண்டு. 1954-55, 1987-88. மற்ற பத்தும் எதிரணிக்கு. பூண்டியில் டீக்கடையில் நிற்கிற பத்துப் பேரிடம் கேட்டால், சி.எஸ்.கே. எந்த வருஷம் எந்த ஓவரில் தோற்றது என்பது வரைக்கும் சொல்வார்கள். ரஞ்சியில் நமக்குப் பத்துத் தோல்வி என்று ஒருவர் சொன்னாலும் அதிசயம். பஃபலோக்காரர்கள் தங்கள் தோல்வியை ஊர்ச் சொத்தாக வைத்திருக்கிறார்கள். நாம் அதைவிட இரண்டரை மடங்கு பெரிய சொத்தைத் தொலைத்துவிட்டு, தொலைந்ததே தெரியாமல் இருக்கிறோம். எனக்கு இதுதான் தாங்கவில்லை.

கதையின் தொடக்கமே பிரமாதம், கேளுங்கள். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்த இடம் சேப்பாக்கம்! 1934 நவம்பர் 4, மெட்ராஸும் மைசூரும். முதல் பந்தை வீசியவர் நம்ம எம்.ஜே.கோபாலன். மைசூர் 48, மெட்ராஸ் 130, மைசூர் மறுபடியும் 59. ஆட்டம் ஒரே நாளில் முடிந்து, மெட்ராஸ் இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்றது! ஏ.ஜி.ராம்சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட். இப்படி ஆரம்பித்த அணிக்கு முதல் கோப்பை வர 20 வருஷம் ஆனது. அதற்குள் இரண்டு இறுதி ஆட்டம் போய்விட்டது. 1935-36-இல் பம்பாயிடம், 1940-41-இல் மகாராஷ்டிராவிடம். அந்த மகாராஷ்டிராவின் கேப்டன் டி.பி.தேவ்தர், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர்! பிற்பாடு 101 வயதுவரை வாழ்ந்தார்.

1955-இல் பாலு அழகணன் தலைமையில் மெட்ராஸ் இந்தூருக்கே போய் ஹோல்கர் அணியை 46 ரன்னில் வீழ்த்தியது. அப்பாடா! அதற்குப் பிறகு அடுத்த கோப்பைக்கு 33 வருஷம். இடையில் 1967-68-இல் மறுபடியும் பம்பாய்.

அடுத்தது 1972-73. உலகத்தின் எந்த மூலையிலும் இதைவிடச் சுருக்கமாக ஒரு இறுதி ஆட்டத்தில் தோற்றுவிட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். இடம் சேப்பாக்கம். நம்மிடம் வெங்கட்ராகவன், வி.வி.குமார் என்று இரண்டு சுழல் மன்னர்கள். பம்பாயை 151-க்குச் சுருட்டினோம், அடுத்த இன்னிங்ஸில் 113-க்குச் சுருட்டினோம். ஜெயிக்க இது போதாதா? போதவில்லை! நாம் அடித்தது 80, பிறகு 61. பத்மாகர் சிவால்கர் என்ற இடதுகைச் சுழல்காரர் முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 18 ரன்னுக்கு 5. ஐந்து நாள் ஆட்டம் மூன்றாம் நாளின் முதல் பந்தில் முடிந்தது! இரண்டு நாளும் ஒரு பந்தும். மூன்றாம் நாள் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் உட்காருவதற்குள் எழுந்திருக்க வேண்டியதாயிற்று. பம்பாய்க்கு அது தொடர்ச்சியாக 15-ஆவது ரஞ்சிக் கோப்பை. இதில் இன்னொரு ஆச்சரியம்: 589 முதல்தர விக்கெட் எடுத்த அந்த சிவால்கர் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை. பிஷன் சிங் பேடி ஆடிய காலத்தில் பிறந்த குற்றம்!

1988-இல் எஸ்.வாசுதேவன் தலைமையில் நம் முறை வந்தது. சேப்பாக்கத்தில் ரயில்வேஸுக்கு எதிராக 709 ரன் குவித்து, இன்னிங்ஸும் 144 ரன்னும் வித்தியாசத்தில் கோப்பை. இனி வரிசையாக வரும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அன்றோடு சரி. பிறகு 1991-92-இல் டெல்லி, 1995-96-இல் கர்நாடகா, 2002-03-இலும் 2003-04-இலும் மும்பை, 2011-12-இல் ராஜஸ்தான், 2014-15-இல் மறுபடியும் கர்நாடகா.

தலையைச் சுற்ற வைக்கும் சங்கதி இனிமேல்தான். இந்தப் பத்தில் நான்கு ஆட்டத்தில் நாம் தோற்கவே இல்லை! 1967-68, 1995-96, 2003-04, 2011-12: நான்கும் டிரா. ரஞ்சியின் விதி என்னவென்றால், ஆட்டம் டிராவில் முடிந்தால் முதல் இன்னிங்ஸில் யார் கூடுதல் ரன் எடுத்தார்களோ அவர்களுக்குக் கோப்பை. அதனால் முதலில் ஆடுகிற அணி ஜெயிக்கப் பார்க்க வேண்டியதில்லை, நின்றாலே போதும். 2012 ஜனவரியில் ராஜஸ்தானின் வினீத் சக்சேனா இதை சேப்பாக்கத்தில் செய்து காட்டினார். 665 பந்து நின்று 257 ரன். 110 ஓவர் அளவுக்கு ஒருவரே ஆடினார்! ராஜஸ்தான் 621. நம் பந்துவீச்சாளர்களின் கால் ஓய்ந்த பிறகு, பதிலுக்கு நாம் எடுத்தது 295. கோப்பை யாருக்கு என்பது அப்போதே முடிந்துவிட்டது. ஆட்டம் மட்டும் மிச்சமிருந்தது.

ரஞ்சித் தோல்வி நம் மனதில் ஏன் பதியவில்லை என்பதற்கு இதையே காரணமாகச் சொல்வேன். பஃபலோவின் தோல்விக்கு ஒரு முகம் உண்டு. வலது பக்கம் விலகிப் போகும் ஒரு பந்து, அதைப் பார்த்து நிற்கும் ஒரு மனிதர். நம்முடையது மூன்று நாள் தேய்ந்து தேய்ந்து நடக்கும் தோல்வி. வேலை நாளில், காலியான கேலரி முன்னால். சாயங்காலச் செய்தியில் கடைசி இரண்டு வரி. யாரைப் பார்த்து அழுவது?

அந்த ராஜஸ்தான் அணியின் கேப்டன் ஹ்ருஷிகேஷ் கனிட்கர். நம்மைத் தோற்கடித்த அவரையே 2016-இல் தமிழ்நாடு தன் கோச்சாகக் கூட்டிவந்தது. தெரியுமா? அவர் வந்த சீசனிலேயே விஜய் ஹசாரே ஒருநாள் கோப்பையை நாம் ஜெயித்தோம்! 2014-15 இறுதி ஆட்டத்தில் நம்மைப் பிழிந்தெடுத்து 328 ரன் அடித்த கர்நாடகாவின் கருண் நாயர் இன்னொரு படி மேலே போனார். அடுத்த வருஷமே, 2016 டிசம்பரில், இந்தியாவுக்காக இங்கிலாந்துக்கு எதிராக 303 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். எங்கே? சேப்பாக்கத்தில்! எழுந்து நின்று கைதட்டியவர்கள் நம் ஆட்கள்.

கையில் வந்த செல்வம் கடைசி நிமிஷத்தில் பறிபோவதற்கு இந்தப் பூண்டி மண்ணிலேயே ஒரு பழங்கதை இருக்கிறதே! சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னும் பொருளும் சுமந்து சுந்தரர் இந்த வழியாக வந்தார். வேடர் வேஷத்தில் வந்த சிவகணங்கள் அத்தனையையும் பறித்துக்கொண்டன. அனுப்பியவர் யார்? இந்த ஊர்க் கோயில் சிவன் முருகநாதரேதான்! சுந்தரர் கோயிலுக்கு வந்து, இப்படிக் களவு நடக்கிற ஊரில் நீ எதற்கு இருக்கிறாய் என்று சாமியிடமே சண்டை பிடித்துப் பதிகம் பாடினார். பறிபோனது எல்லாம் திரும்பி வந்தது. மாசித் திருவிழாவில் இன்றும் ‘வேடுபறி’ என்று அதை நடத்திக் காட்டுகிறார்கள். வருஷா வருஷம் பறிகொடுத்து, வருஷா வருஷம் திரும்ப வாங்குகிற ஊர்! பஃபலோக்காரர்கள் கேள்விப்பட்டால் சார்ட்டர் விமானம் பிடித்து வந்துவிடுவார்கள்.

கேட்டுத் திரும்ப வாங்கியதில் நம் கிரிக்கெட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. 2019 டிசம்பர் 1, சூரத். சையத் முஷ்டாக் அலி டி-20 இறுதி ஆட்டம், எதிரே கர்நாடகா. கடைசி ஓவரில் 13 வேண்டும். அஸ்வின் முதல் இரண்டு பந்தையும் பவுண்டரிக்கு அனுப்பினார். இன்னும் 4 பந்தில் 5 ரன்! யார் தோற்பார்கள் இதில்? நாம் தோற்றோம். ஒரே ஒரு ரன்னில். அதற்கு ஐந்து வாரம் முன்பு, விஜய் ஹசாரே இறுதி ஆட்டத்திலும் இதே கர்நாடகாவிடம்தான் தோற்றிருந்தோம். அபிமன்யு மிதுன் தன் பிறந்தநாளில் ஹாட்ரிக் எடுத்து ஐந்து விக்கெட் சாய்த்தார். மழை வந்ததால் முடிவு ‘வி.ஜே.டி.’ கணக்குப்படி. அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், திருச்சூரைச் சேர்ந்த பொறியாளர் வி.ஜெயதேவன்!

இரண்டு வருஷம் கழித்து 2021 நவம்பர் 22, டெல்லி. அதே முஷ்டாக் அலி கோப்பை, அதே கர்நாடகா. கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டும். ஷாருக் கான் (நடிகர் இல்லைங்க, நம்ம சென்னைப் பையன்) சிக்ஸர் அடித்தார்! கோப்பை நமக்கு. அந்தச் சந்தோஷமாவது நிலைத்ததா? அடுத்த மாதமே, டிசம்பர் 26-ஆம் தேதி, ஜெய்ப்பூரில் விஜய் ஹசாரே இறுதி ஆட்டம். தினேஷ் கார்த்திக் 116 அடித்தார், நாம் 314. எதிரே அதுவரை ஒரு கோப்பைகூடப் பார்த்திராத இமாச்சலப் பிரதேசம். வெளிச்சம் மங்கி ஆட்டம் நின்றபோது, மறுபடியும் ஜெயதேவன் கணக்கு, 11 ரன்னில் அவர்கள் சாம்பியன்!

சரி, டீக்கடைக்காரர்களுக்குத் தெரிந்த கதைக்கு வருவோம். சென்னை சூப்பர் கிங்ஸ் பத்து ஐ.பி.எல். இறுதி ஆட்டம் ஆடி, ஐந்தில் ஜெயித்து, ஐந்தில் தோற்றது என்பது உங்களுக்கே தெரியும். இந்த ஐந்து தோல்விக்குள் ஒரே ஒரு ஆள் திரும்பத் திரும்ப வருவது தெரியுமா? லட்சுமிபதி பாலாஜி!

2008-இல் ஐ.பி.எல்.லின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தவர் அவர். அதே சீசன் இறுதி ஆட்டத்தில் கடைசி ஓவரை வீசியவரும் அவர்தான். ராஜஸ்தான் ராயல்ஸ் கடைசிப் பந்தில் ஜெயித்தது. 2012 ஜனவரியில் சக்சேனா 665 பந்து ஆடியபோது தமிழ்நாட்டின் கேப்டனாக மைதானத்தில் நின்றவர் பாலாஜி. அதே வருஷம் மே மாதம் அவர் கொல்கத்தா அணியில் இருந்தார். இறுதி ஆட்டத்தில் சென்னைக்கு எதிராக ஆட முடியாமல் காயம். நமக்கு நல்லதுதானே? இங்கேதான் விதி விளையாடியது! பாலாஜிக்குப் பதிலாக ஆஸ்திரேலியாவின் பிரெட் லீயைச் சேர்த்தார்கள். ஒரு வெளிநாட்டவர் கூடினால் இன்னொருவர் வெளியே போக வேண்டும். பிரண்டன் மெக்கல்லம் போனார். விக்கெட் கீப்பர் வேண்டுமே? மன்விந்தர் பிஸ்லா என்று பலரும் கேள்விப்படாத ஒருவர் வந்தார். சேப்பாக்கத்தில், சென்னையின் 190 ரன்னைத் துரத்தி, 48 பந்தில் 89! பாலாஜி ஆடியிருந்தால்கூட நாம் ஜெயித்திருக்கலாம். ஆடாமல் இருந்து கவிழ்த்துவிட்டார். 2019 ஹைதராபாத் இறுதி ஆட்டத்தில் மும்பையிடம் சென்னை ஒரே ரன்னில் தோற்றதே, அன்று சி.எஸ்.கே.யின் பந்துவீச்சுக் கோச்? அவரேதான்!

அந்த 2019 ஆட்டத்தில் ஷேன் வாட்சன் முழங்காலில் ரத்தம் வழிந்து பேன்ட் நனைந்த நிலையில் 80 ரன் அடித்ததும், ஆட்டம் முடிந்து ஆறு தையல் போட்டதும், பிறகுதான் நமக்குத் தெரிந்தன. மலிங்கா வீசிய கடைசிப் பந்தில் 2 ரன் வேண்டியிருந்தது. ஷர்துல் தாக்கூர் எல்.பி.டபிள்யூ. நார்வுட்டின் பந்தைப் போல இதற்கு ஒரு முகம் இருக்கிறது. அதனால்தான் இது மறக்கவில்லை.

தோல்விக்குச் சாபம்தான் காரணம் என்று நம்புகிற கூட்டமும் உலகத்தில் உண்டு. போர்ச்சுகலின் பென்ஃபிகா கால்பந்து அணி 1961-இலும் 1962-இலும் ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்தது. கோச் பேலா குட்மான் சம்பள உயர்வு கேட்டார், கொடுக்கவில்லை. நூறு வருஷத்துக்கு இனி உங்களுக்கு ஐரோப்பியக் கோப்பை கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார் என்பது கதை. அதற்குப் பிறகு பென்ஃபிகா எட்டு ஐரோப்பிய இறுதி ஆட்டம் ஆடியது. எட்டும் தோல்வி! 2014-இல் தங்கள் மைதானத்திலேயே குட்மானுக்குச் சிலை வைத்துப் பார்த்தார்கள். அந்த வருஷமே எட்டாவது தோல்வி, பெனால்டியில். சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்திருந்தால் செலவு குறைந்திருக்கும். பனியன் கம்பெனி முதலாளிகள் கவனிக்க!

கடைசியாக நம்ம ஏரியா சமாச்சாரம். டி.என்.பி.எல்.லில் ஆடும் திருப்பூர் தமிழன்ஸ் அணி முதலில் காரைக்குடிக் காளையாக இருந்தது, தெரியுமா? பெயர் மாறி, ஊர் மாறி, 2025-இல்தான் முதல் தடவை சாம்பியன் ஆனது. ஜூலை 6-ஆம் தேதி, சாய் கிஷோர் தலைமையில், எதிரணியின் சொந்த வீடான நத்தம் மைதானத்தில். துஷார் ரஹேஜா 77, அமித் சாத்விக் 65. திருப்பூர் 5 விக்கெட்டுக்கு 220! பதிலுக்கு வந்த திண்டுக்கல் டிராகன்ஸ் 15 ஓவர்கூடத் தாங்காமல் 102-க்குச் சுருண்டது. 118 ரன் வித்தியாசம். தோற்ற கேப்டன் அஸ்வின். முந்தின வருஷம் அதே திண்டுக்கல்லுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. 2018-இல் மதுரையிடம், 2019-இல் சேப்பாக்கம் கில்லீஸிடம், 2025-இல் நம்மிடம் என்று திண்டுக்கல்லுக்கு இறுதி ஆட்டத் தோல்வி அத்தோடு மூன்று. பஃபலோவை எட்டிப் பிடிக்க இன்னும் ஒன்றுதான் பாக்கி!